புள்ளியியல் மேதை மகலனோபிஸ்

வாசலில் கோலம் போடும் நம் தாய்மார்கள் முதலில் புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகள் சரியாக விழுந்தால்தான் இழை சரியாக ஓடும். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கோலம் கோணிப் போகும். எண்களைத் திரட்டி அவற்றிலிருந்து உண்மையைக் காணும் கலைக்கும் நம் மொழி புள்ளியியல் என்றே பெயர் சூட்டியிருக்கிறது. அப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை, இவ்வாண்டு கணினி அறையில் புள்ளி வரைபடம் வரையக் கற்றபோது நாங்கள் நன்கு உணர்ந்தோம். இக்கலையை நம் நாட்டில் விதைத்து, நீரூற்றி, மரமாக வளர்த்த பெருமகன் யார் என்று அறியும் ஆவலும் எங்களுக்குப் பிறந்தது. அவர்தாம் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அன்னாரது வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பிரபோத் சந்திரர். தாயார் நிரோத்பாசினி அம்மையார். பாட்டனார் குருசரணர் பிரம்ம சமாஜத்தின் தூண்களுள் ஒருவர். கைம்பெண் மறுமணத்தைச் சமூகம் பெருங்குற்றமாக எண்ணிய அக்காலத்திலேயே கைம்பெண் ஒருவரை மணந்து காட்டிய துணிவுடையவர். ஊரார் என்ன சொல்வார்கள் என்று பாராமல், உண்மை எது என்று பார்க்கும் குணம் பாட்டனாரிடமிருந்தே பேரனுக்கு வந்தது போலும்!

பிரம்ம சமாஜத்தின் ஆண்கள் பள்ளியில் படித்த மகலனோபிஸ், பின்னர்ப் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேரறிஞர்கள் அங்கு அவருடைய ஆசிரியர்கள். அவர் அன்று கற்றது இயற்பியல். புள்ளியியல் என்றொரு பாடம் அக்காலத்தில் நம் நாட்டுக் கல்லூரிகளில் இல்லை.

தவறிய இரயில்

1913ஆம் ஆண்டு இலண்டனில் படிக்கும் எண்ணத்துடன் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்குள்ள கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் தம்மை மறந்து நின்றார். இலண்டனுக்குத் திரும்ப வேண்டிய இரயில் போய்விட்டது! அன்றிரவு நண்பர் ஒருவரின் அறையில் தங்கினார். இவ்வளவு பிடித்துப்போன இடத்திலேயே படித்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. மறுநாள் முயன்றார், அக்கல்லூரியிலேயே இடமும் கிடைத்தது. தவறிய இரயில் ஒன்று ஒரு வாழ்க்கையைச் சரியான தடத்தில் ஏற்றிவிட்டது.

நம் இராமானுஜனின் தோழர்

1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜுக்கு மற்றோர் இந்தியர் வந்து சேர்ந்தார். அவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன். வங்காளத்து இளைஞரும் தமிழ்நாட்டு இளைஞரும் உற்ற நண்பர்களாயினர்.

ஒருமுறை இராமானுஜன் இரவில் குளிர் தாங்க முடியாமல் வருந்துவதை மகலனோபிஸ் அறிந்தார். அறைக்குள் சென்று பார்த்தபோது காரணம் விளங்கியது. படுக்கையின்மேல் கம்பளிகள் அழகாக விரித்து மடிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், இராமானுஜன் மேற்சட்டையைப் போர்த்திக்கொண்டு கம்பளிக்கு மேலேயே படுத்திருந்தார். மகலனோபிஸ் நகைக்கவில்லை. கம்பளியை விலக்கி, உள்ளே படுக்கும் முறையைப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார்.

மற்றொரு நாள் இராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்திருந்த மகலனோபிஸ் ஒரு மாத இதழில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண் இடப்பட்டுள்ளது. ஒரு வீட்டின் இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள் உண்டு. அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் சில நிமிடங்களில் விடை கண்டுவிட்டார். தெருவில் 288 வீடுகள். அந்த வீட்டின் எண் 204. ஆனால் இராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் விடை தரும் தொடர் பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டார். தோழியரே, 204 சரிதானா என்று நீங்களும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்!

கப்பலில் படித்த நூல்கள்

1915ஆம் ஆண்டு படிப்பு முடிந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் கப்பல் புறப்படத் தாமதம் ஆயிற்று. அந்த நாள்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தபோது, ஆசிரியர் மெக்காலே என்பவர் பயோமெட்ரிகா என்னும் ஆய்விதழின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். உயிர்களையும் மனிதரையும் அளந்து, அவ்வளவுகளிலிருந்து முடிவு காணும் கட்டுரைகள் அவற்றில் இருந்தன. மகலனோபிஸ் அத்தொகுதிகளை விலைக்கு வாங்கினார். கப்பலில் வரும் வழியெல்லாம் படித்தார். கரை இறங்கும்போது அவர் மனம் புதிய கலையின்பால் சென்றுவிட்டது. விடுமுறையில் வந்தவருக்குப் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பணி கிடைத்தது. இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்று ஆராய்ச்சி செய்யும் எண்ணம் அத்துடன் நின்றது.

1923ஆம் ஆண்டு நிர்மல் குமாரி அம்மையாரை மணந்தார். அம்மையார் ராணி என்ற செல்லப் பெயரால் அழைக்கப்பட்டார். கவியரசர் தாகூர் இவ்விருவர்பாலும் பேரன்பு கொண்டவர். 1926ஆம் ஆண்டு தாகூர் ஐரோப்பா சென்றபோது இத்தம்பதியரும் உடன் சென்றனர். விசுவபாரதியின் செயலாளராகவும் மகலனோபிஸ் பல ஆண்டுகள் தொண்டாற்றினார்.

ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி

1920ஆம் ஆண்டு நாகபுரியில் அறிவியல் மாநாடு நடந்தது. அங்கு விலங்கியல் அறிஞர் நெல்சன் அன்னண்டேல், கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களை அளந்து தாம் திரட்டிய அளவுகளை ஆராய்ந்து தருமாறு மகலனோபிஸைக் கேட்டுக்கொண்டார். அவர்களின் உயரத்தைப் பற்றிய கட்டுரையே 1922ஆம் ஆண்டு வெளிவந்த அவரது முதல் புள்ளியியல் ஆய்வு.

உயரங்களின் பட்டியலைப் பார்த்தால் நமக்கு என்ன தெரியும்? கண் மங்கும், கொட்டாவி வரும். அப்பட்டியலையே படமாக்கினால் எல்லாம் பளிச்சென்று விளங்கும். இதற்கு மிக எளிய படம் புள்ளி வரைபடம். ஒரு நேர்க்கோடு வரைந்து அதில் அளவுகளைக் குறிக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி. அவருடைய உயரம் எதுவோ அந்த இடத்திற்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். அதே உயரமுடைய இன்னொருவர் வந்தால், முதல் புள்ளியின் தலைமேல் அடுத்த புள்ளி. எங்கே கூட்டம், எங்கே வெற்றிடம், யார் தனியே நிற்கிறார் என்பனவெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். சராசரி என்னும் ஒற்றை எண் இவற்றைச் சொல்லாது.

ஒரு கூட்டத்திற்கும் மற்றொரு கூட்டத்திற்கும் இடையே உள்ள வேறுபாட்டை எப்படி அளப்பது என்ற கேள்வி இந்த ஆய்விலிருந்துதான் எழுந்தது. உயரம் மட்டுமன்றித் தலையின் அகலம், மூக்கின் நீளம் எனப் பல அளவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் முறையை அவர் வகுத்தார். 1936ஆம் ஆண்டு அது முழு வடிவம் பெற்றது. மகலனோபிஸ் தொலைவு என்று உலகெங்கும் கணினி வல்லுநர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

வெள்ளத்தை எண்ணியவர்

1922ஆம் ஆண்டு வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளநீரைத் தேக்கி நிறுத்தப் பெரும்பொருட்செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று பொறியாளர் குழுவினர் கூறினர். மகலனோபிஸ் அப்போது கல்கத்தா வானிலை ஆய்வு நிலையத்திலும் பணியாற்றினார். 1870 முதல் 1922 வரை பெய்த மழை, வந்த வெள்ளம் ஆகியவற்றின் கணக்கை எல்லாம் எடுத்துவைத்து ஆராய்ந்தார். தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று கண்டார்.

1926ஆம் ஆண்டு ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தபோதும் இவ்வாறே நடந்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரையை இன்னும் உயர்த்த வேண்டும் என்றனர் வல்லுநர். ஏறத்தாழ 60 ஆண்டுக் கணக்கைப் பார்த்த மகலனோபிஸ், படுகை உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த மிகுமழையே காரணம் என்று காட்டினார். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே தக்க வழி என்றார். ஒரிசாவில் மகாநதிமீது பின்னாளில் எழுந்த ஹிராகுட் அணைக்கு அவருடைய கணக்குகளும் அடிப்படை ஆயின.

இதன் அருமை நம் பகுதியினருக்கு நன்றாகப் புரியும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்குள் புகுந்த நீரையும், வயலில் சாய்ந்த பயிரையும் கண்ட நமக்கு அந்த ஒரு நாள்தான் நினைவில் நிற்கும். பல ஆண்டு மழையைப் புள்ளி வரைபடமாக வைத்தால் அந்த நாள் வலக்கோடியில் தனித்து நிற்கும் ஒரே ஒரு புள்ளி. அது மறுபடியும் வருமா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஏரிக்கரையை எவ்வளவு உயர்த்தலாம் என்று தீர்மானிக்க வேண்டுமானால் அந்த ஒரு புள்ளியும் வேண்டும். மற்றப் புள்ளிகள் அத்தனையும் வேண்டும். அச்சத்தில் முடிவெடுத்தால் பணம் வீணாகும். அலட்சியத்தில் முடிவெடுத்தால் உயிர் போகும்.

ஓர் அறையில் பிறந்த நிறுவனம்

பிரசிடென்சி கல்லூரியில் தம் அறையின் ஒரு பகுதியையே அவர் புள்ளியியல் ஆய்வுக்கூடமாக்கினார். ஆர்வமுள்ள இளைஞர் சிலர் கூடினர். 1931ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. முதல் ஆண்டில் அதன் மொத்தச் செலவு 238 ரூபாய்தான்! 1933ஆம் ஆண்டு சங்க்யா என்னும் ஆய்விதழும் தோன்றியது. ராஜ் சந்திர போஸ், சமரேந்திர நாத் ராய் முதலியோர் அந்நிறுவனத்தில் வளர்ந்தனர். 1941இல் அங்கு மாணவராகச் சேர்ந்த சி. ஆர். ராவ், உலகம் போற்றும் புள்ளியியல் அறிஞராகி, 2023ஆம் ஆண்டு தம் 102ஆம் அகவையில் மறைந்தார். 1959ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் நாட்டுச் சிறப்புமிக்க நிறுவனமாக அது உயர்ந்தது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்

வங்காளத்தின் பெரும்பயிர் சணல். எத்தனை நிலத்தில் சணல் விளைந்துள்ளது என்று அரசுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வயலையும் எண்ணினால் ஆயிரக்கணக்கான ஆள்கள் வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் அறுவடையும் முடிந்துபோகும். 1937ஆம் ஆண்டு முதல் மகலனோபிஸ் வேறு வழியில் சென்றார். எல்லா வயலையும் பாராமல் சில நிலத்துண்டுகளை மட்டும் பார்த்து முழுமையையும் மதிப்பிடும் மாதிரிக் கணிப்பே அவ்வழி.

இதில் என்ன புதுமை, எங்கள் பாட்டிக்கே தெரியுமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி அல்லவா? ஆனால் பாட்டி சோற்றை எடுக்குமுன் பானையை நன்கு துழாவுகிறார். துழாவாமல் மேலாக எடுத்த பருக்கை அடியில் குழைந்ததைச் சொல்லாது. மகலனோபிஸ் செய்ததும் அதுவே. சாலையோரத்து வயலை வசதிக்காகத் தேர்ந்தெடுக்க அவர் விடவில்லை. வரைபடத்தில் எந்த இடத்திற்கும் சமவாய்ப்புக் கிடைக்கும்படி, குலுக்கல் முறையில் வந்த நிலத்துக்கே ஆள் போக வேண்டும். சேறாயினும் முள்ளாயினும் அங்குதான் அளக்க வேண்டும்.

அடுத்து அவர் செய்தது இன்னும் சிறப்பு. ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். ஒரு குழுவின் கணக்கு மற்றதற்குத் தெரியாது. இரண்டின் விடையும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பிழை இருக்கிறது. பிறருடைய தவற்றைக் காட்டும் முறைகள் பல உண்டு. தம் கணக்கில் தவறு எவ்வளவு இருக்கலாம் என்பதைத் தாமே காட்டிக்கொள்ளும் முறையை வகுத்தவர் மகலனோபிஸ்.

பஞ்சமும் உப்பும்

1943ஆம் ஆண்டு வங்காளத்தில் கொடும்பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பஞ்சத்திற்குப் பின் மகலனோபிஸும் அவர்தம் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று, குடும்பங்கள் என்ன ஆயின, நிலத்தை விற்றவர் எத்தனை பேர், தொழிலை இழந்தவர் எத்தனை பேர் என்று மாதிரிக் கணிப்பு நடத்தினர். 1946ஆம் ஆண்டு அதன் முடிவுகள் வெளிவந்தன. மாண்டவரைக் கணக்கு மீட்டுத் தராது. ஆயினும் பிழைத்தவருக்கு என்ன உதவி தேவை என்பதைக் கணக்கின்றி அறிய இயலாது.

1947ஆம் ஆண்டு நாடு பிரிந்தபோது தில்லிச் செங்கோட்டையில் ஏதிலிகள் அடைக்கலம் புகுந்தனர். எத்தனை பேர் என்று உள்ளே சென்று எண்ண இயலவில்லை. உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர்கள் காட்டிய கணக்கோ மிகப் பெரியது. மகலனோபிஸின் நிறுவனத்தைச் சேர்ந்த புள்ளியியலாரிடம் இச்சிக்கல் வந்தது. அவர்கள் அரிசி, பருப்பு, உப்பு ஆகிய மூன்றும் வாங்கிய அளவைப் பார்த்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் வகுத்தார்கள். மூன்று விடையும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அரிசிக் கணக்கு மிகப் பெரிய எண்ணைத் தந்தது. உப்புக் கணக்கு மிகச் சிறிய எண்ணைத் தந்தது. விலை மலிந்த உப்பில் பொய்க்கணக்கு எழுதி யாருக்கு என்ன இலாபம்? ஆகவே உப்பு சொன்ன எண்ணையே உண்மைக்கு நெருங்கியதாகக் கொண்டனர். சமையலறை அறிவு சபையேறிய கதை இது.

நாட்டுக்கு ஆற்றிய பணி

விடுதலை பெற்ற இந்தியாவில் எத்தனை ஏழைகள், அவர்கள் எதை உண்கின்றனர், எதை உடுக்கின்றனர் என்ற கணக்கே சரியாக இல்லை. 1949ஆம் ஆண்டு மகலனோபிஸ் நடுவண் அரசின் மதிப்புறு புள்ளியியல் ஆலோசகர் ஆனார். 1950ஆம் ஆண்டு தேசிய மாதிரிக் கணிப்பு தொடங்கியது. கணக்கெடுப்போர் சிற்றூர்களுக்குச் சென்று, திண்ணையில் அமர்ந்து, குடும்பத்தின் வரவு செலவைக் கேட்டு எழுதினர். 1955 முதல் 1967 வரை அவர் திட்டக் குழுவில் உறுப்பினராக இருந்தார். 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு அவர் கைவண்ணமே. பெருந்தொழில்களுக்கு அதில் முதலிடம் தந்தது சரியா என்று பொருளியலார் பின்னாளில் வாதிட்டனர். ஆயினும் கணக்கின்றித் திட்டமில்லை என்பதை நாட்டுக்கு உணர்த்தியவர் அவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறியும் அவர் முயற்சியால் 1955ஆம் ஆண்டு பிரிட்டனிலிருந்து கல்கத்தாவில் உள்ள அவரது நிறுவனத்திற்கு வந்து சேர்ந்தது. ஓர் அறையையே நிறைத்த அப்பொறியைவிட இன்று நம் பெற்றோரின் கைப்பேசி பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது.

எங்கள் வகுப்பில் ஒரு கணிப்பு

மகலனோபிஸ் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட வரைபட முறை ஒன்று எங்களை மிகவும் கவர்ந்தது. குடும்பங்களை ஏழையிலிருந்து செல்வர் வரை வரிசைப்படுத்திச் சம எண்ணிக்கையுள்ள குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவின் சராசரிக்கும் ஒரு புள்ளி வைத்துப் புள்ளிகளை இணைக்க வேண்டும். இரண்டு தனித்தனிக் கணிப்பு எடுத்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பே பிழையின் அளவு. எவ்வளவு நம்பலாம் என்பதையும் படமே சொல்லிவிடுகிறது.

இதைப் பின்பற்றி நாங்களும் இரண்டு குழுவாகப் பிரிந்தோம். வீட்டிலிருந்து பள்ளி வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே கேள்வி. வருகைப் பதிவேட்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, வந்த எண்ணுக்குரிய மாணவியரை மட்டும் கேட்டோம். விடைகளைக் கணினியில் ஆர் என்னும் இலவசப் புள்ளியியல் மென்பொருளில் இட்டோம். இது 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் உருவாக்கியது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாம் சொல்லாவிட்டால் ஒரே எண்ணுக்குரிய புள்ளிகளை அது ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் வைத்துவிடும். பத்துப் பேர் ஒருவராகத் தெரிவார்கள்! புள்ளிகளை அடுக்கிக் காட்டு என்று கட்டளையிட்டால்தான் பத்துப் பேரும் வெளியே வருவார்கள். மகலனோபிஸ் மறைந்த அதே 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய மினிடாப் போன்ற மென்பொருள்களில், எண்கள் மிகுந்தால் ஒரு புள்ளியே பலரைக் குறிக்கும். ஒரு புள்ளிக்கு எத்தனை பேர் என்னும் குறிப்பைப் படத்தின் அடியில் படித்த பிறகே படத்தை நம்ப வேண்டும்.

இரு குழுவின் படங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தோம். இடப்பக்கம் இரும்பையிலும் அருகிலும் வசிப்பவர்களின் புள்ளிகள் கோபுரமாக நின்றன. வலக்கோடியில் சில புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அவை உள்ளடங்கிய ஊர்களிலிருந்து நெடுஞ்சாலை வரை நடந்து, ஒரே பேருந்தை நம்பி வருபவர்கள். சராசரி இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ யாருமே இல்லாத இடத்தில் விழுந்தது! இடப்பக்கக் கோபுரம் இரு படங்களிலும் ஒன்றுபோல் இருந்தது. ஆகவே அதை உறுதியாகச் சொல்லலாம். வலக்கோடிப் புள்ளிகள் படத்துக்குப் படம் மாறின. ஆகவே எத்தனை பேர் என்று அடித்துச் சொல்லலாகாது. ஆனால் அப்படிச் சிலர் இருக்கிறார்கள் என்பதை இரு படங்களும் ஒருமித்துச் சொல்லின. தாளைத் தலைமை ஆசிரியையான அருட்சகோதரியிடம் காட்டினோம். காலை முதல் பாடவேளையில் நடந்துவந்த வாரத் தேர்வு அதன்பின் இரண்டாம் பாடவேளைக்கு மாற்றப்பட்டது. பேருந்து தாமதமானால் தேர்வும் போயிற்று என்று கலங்கிய தோழியரின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை எந்த மென்பொருளாலும் வரைய முடியாது.

இறுதி நாள்கள்

மகலனோபிஸுக்குப் பெருமைகள் பல வந்து சேர்ந்தன. 1945ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஐக்கிய நாடுகள் அவையின் மாதிரிக் கணிப்புக் குழுவுக்கு 1947ஆம் ஆண்டு தலைவர் ஆனார். 1968ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மவிபூஷண் விருது அளித்தது. முதுமையிலும் அவர் ஓய்ந்து இருந்ததில்லை. இறுதி வரை தம் நிறுவனத்துக்காக உழைத்தார். 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், 79 அகவை நிறைவதற்கு ஒரே ஒரு நாள் இருக்கையில், அவர் இயற்கை எய்தினார். 2007ஆம் ஆண்டு முதல் அவர் பிறந்த ஜூன் 29ஆம் நாள் நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தோழியரே! செய்தித்தாளைத் திறந்தால் நாள்தோறும் எண்கள். இத்தனை பேர் தேறினர், இத்தனை பேர் நோயுற்றனர், இத்தனை வீடுகள் இடிந்தன என்று படித்துவிட்டுத் தாளை மடித்து வைக்கிறோம். ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஒரு வீடும், அதில் ஒரு தாயும், அவள் ஏற்றிய ஓர் அடுப்பும் இருக்கின்றன. அவர்களை ஒருவரும் விடுபடாமல் காண வேண்டும். கண்டதைப் பொய்யின்றிச் சொல்ல வேண்டும். சொல்வதில் எவ்வளவு உறுதி என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மகலனோபிஸ் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே. வரும் ஜூன் 29ஆம் நாள் நம் ஊரைப் பற்றி ஏதேனும் ஒன்றை நாமே எண்ணி, நாமே புள்ளி வைத்துப் பார்ப்போம். கூட்டமாக நிற்கும் புள்ளிகளைக் காண்பது எளிது. ஓரத்தில் தனித்து நிற்கும் புள்ளி யார் என்று கேட்டறிவோம்.